என் தங்கை பேசிய ஒரே வசனம்

மாலை ஏழு மணி. ஸ்டுடியோவுக்குப் பின்னால் ஒரு சாலை... இரு பக்கமும் பூட்டிய கிடங்குகள், ஆள் நடமாட்டமே இல்லை. காரில் ஏறப் போன என் தங்கை, இருமல் மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். புதினா வாசனை.

"அக்கா, அடுத்த சீரியல்ல என் குரல்தான். டைரக்டரே சொல்லிட்டார். இனிமே உன் வாய்க்கு லீவு!"

"தவளை கத்தினா மழைதான் வரும், போடி."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். டப்... அவ்வளவுதான். பாலத்துத் திருப்பத்தில் அவள் காருக்கு எதிரே ஒரு லாரி.

இப்படிப்பட்ட பேய்க் கதைகள் எப்போதும் யாரோ சினேகிதியின் சித்திக்கு நடந்ததாகத்தான் வரும். கரண்ட் போய் எல்லோரும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள்... அதனால் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

வீட்டில் அவளுக்குத் தவளை என்றுதான் பேர். அப்படி ஒரு கரகரப்பு. முகமோ, அழுதால் ஊரே அழும். ஆறு வருடமாக சீரியல்களில் அவள் வாயசைப்பாள். டப்பிங் அறையில் நான் பேசுவேன். கடையில் யாராவது பிடித்துக்கொண்டு "ஒரு டயலாக் சொல்லுங்களேன்" என்றால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒரே ஒரு தடவை தன் குரல் டிவியில் வர வேண்டும்... வேறெதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை.

அவள் போன பிறகும் சில காட்சிகள் குரல் சேர்க்காமல் மிச்சம் இருந்தன.

"முகம் இருக்கு, குரல் நீங்க இருக்கீங்க. முடிச்சிடலாமே?" என்றார் தயாரிப்பாளர்.

போனேன். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். திரையில் மழை. பூட்டிய வீட்டு வாசலில் தங்கை நிற்கிறாள். ஒரே வசனம்.

அவள் உதடு அசைந்தது. நான் வாயே திறக்கவில்லை. திடீரென்று... புதினா வாசனை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் யாரோ மெல்லச் செருமினார்கள்.

"கதவைத் திறங்க... நான்தான்."

கரகரவென்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கட்டைவிரலைத் தூக்கினார். "அழுத தொண்டையோட பேசினீங்க பாருங்க, அருமைக்கா! டேக் ஓகே."

பேசியது நானில்லை என்று சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றினேன். டிவியில் வந்துவிடும்... அவளே பேசியது வந்துவிடும்.

இரண்டாம் நாள் தயாரிப்பாளரின் ஃபோன். "அந்த ஒரு வசனம் ஹீரோயின் குரல் மாதிரியே இல்லேன்னு சேனல்ல சொல்றாங்க. திரும்பப் பேசிடுங்க."

"சார், அது அவ குரல்தான்."

"விளையாடாதீங்கம்மா. அவங்க குரலே நீங்கதானே? முடியலேன்னா வேற ஆளை வெச்சுக்கறேன்."

வேறு ஆளுக்கு விட மனம் வரவில்லை. போனேன். அதே மழை, அதே வாசல். திரையில் தங்கை என்னையே பார்த்தாள். உதடு அசையவில்லை. இறுக்கி மூடியிருந்தாள். நான் பேசி முடித்தேன்.

"உதட்டசைவு கச்சிதமா உக்காந்திருக்குக்கா" என்றார் ஒலிப்பதிவாளர்.

அந்தக் காட்சி வந்த அன்று அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏண்டி... வசனம் கேக்குது, இவ வாயை மூடிக்கிட்டு நிக்கிறாளே?"

காட்சி முடிந்து திரையில் பெயர்கள் வரிசையாக மேலே ஏறின. கதாநாயகிக்குக் குரல்... என் பெயர்தான்.