ஷைனிக்குப் பிடிக்காத உப்புமா

இலவசப் படிப்புல எத்தனை பேர் சேர்றாங்க, எத்தனை பேர் பாதியில விடுறாங்கங்கிற புள்ளிவிவரம் போதும்... கொஞ்ச நேரம் என்கூட ஒரு குட்டிக் கதைக்குள்ள வாங்க.

தூத்துக்குடியில சகாயராணின்னு ஒரு அம்மா. அவங்க மகள் ஷைனிக்குப் பிறவியிலேயே காது கேக்காது. வெளியூர்ல காது கேளாதோர் பள்ளியில, விடுதியில தங்கிப் படிக்கிறா. அங்க சைகை மொழியில அவ பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. லீவுக்கு வீட்டுக்கு வந்தா? சாப்பிடு... தூங்கு... வா... போ... அவ்வளவுதான் பேச்சு. ஏன்? அந்த வீட்டுல யாருக்கும் அவ மொழி தெரியாது. பெத்த தாய்க்கே தெரியாது.

ஒருநாள் சகாயராணிக்குத் தெரிய வந்துச்சு, சைகை மொழிய செல்போன்லயே இலவசமா சொல்லித் தராங்கன்னு. உடனே சேர்ந்துட்டாங்க. நீ எத்தனாவது படிச்சேன்னு யாரும் கேக்கல. ஃபீஸ் எங்கன்னு யாரும் கேக்கல. எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க...

ஆனா ஆரம்பத்துலயே தடுக்கிருச்சு. விளக்கமெல்லாம் இங்கிலீஷ்ல. எழுத்துக்கூட்டி வாசிக்கிறதுக்குள்ள அடுத்த பாடம் ஓடிருது. விட்டுட்டாங்க. ஏம்மா விட்டேன்னு அந்த செல்போன் கேக்குமா? கேக்காது.

கேட்டது பக்கத்து வீட்டுல இருந்த நாத்தனார் டெல்பின்.

"மதினி, அந்தப் படிப்பு என்னாச்சு?"

"எனக்கு அதெல்லாம் ஏறல டெல்பின்."

"இங்கிலீஷ நான் வாசிச்சுச் சொல்லுதேன். நீங்க கையில செஞ்சு காட்டுங்க."

"உனக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"ஷைனி எனக்கு மருமக இல்லையா மதினி? நானும் இதுவரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையே."

அன்னையிலேருந்து சமையல் முடிஞ்சதும் ரெண்டு பேரும் உக்காந்துருவாங்க. ஒருத்தி தப்பு பண்ணுவா, இன்னொருத்தி சிரிப்பா. ஷைனியோட அப்பா சோறு கேட்டா, கையாலயே பதில் சொல்லுவாங்க. பாவம் மனுஷன்... சாப்பாட்டுக்காகவே அவரும் நாலு வார்த்தை கத்துக்கிட்டார்.

கிறிஸ்துமஸ் லீவு வந்துச்சு. ஷைனி பஸ்ஸ விட்டு இறங்குறா. பஸ் ஸ்டாண்டுல அத்தனை கூட்டத்துக்கு நடுவுல நின்னு, சகாயராணி கையாலயே கேட்டாங்க... "நல்லா இருக்கியா? அம்மா உன்னையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

ஷைனி பைய அப்படியே கீழ போட்டுட்டா. அம்மா கையையே பாத்தா. தப்பா மடங்கியிருந்த ஒரு விரல மெதுவா நிமித்தி விட்டா. அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க... பள்ளிக்கூடம், சிநேகிதி, டீச்சர், விடுதி, உப்புமான்னாலே பிடிக்காதது... கை ஓயவே இல்ல. இந்தம்மா "மெதுவா, மெதுவா"ன்னு காட்டுறாங்க. டெல்பின் ஒரு பக்கம் அழுதுக்கிட்டே சிரிக்கிறா.

உப்புமா பிடிக்காதுங்கிறதே அந்தத் தாய்க்கு அன்னைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமா லீவுக்கு வர்ற பிள்ளைக்கு ஆசை ஆசையா உப்புமாதான் கிண்டிப் போட்டிருக்காங்க.

இப்ப சொல்லுங்க... பாடத்துல குறை இருந்துச்சா? இருந்துச்சு. தமிழ்ல இருந்திருக்கணும். அதை நாம கேட்டு வாங்கணும். ஆனா அதுவரைக்கும்? எத்தனையோ பேர் ஆசையாச் சேர்றாங்க, தனியா உக்காந்து தவிச்சுட்டுப் பாதியில போயிடுறாங்க. உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாங்க. இன்னைக்குப் போய் அவங்க பக்கத்துல உக்காருங்க. உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாட்டியும் பரவாயில்ல... உக்காருங்க. படிப்பு இலவசமா வந்துருச்சு. துணைக்கு ஆளு... நாமதான் போகணும்.