ஆரியசாலைத் தெருவில் உரக்கச் சொன்னது

கப்பல் சரிகிறது. பாய்லர் அறையில் இடுப்பளவு தண்ணீர். மேலிருந்து கத்துகிறார்கள்: "ஏறி வாங்கடே! சீக்கிரம்!" ஏணியில் கால் வழுக்குகிறது. ஒரு கை என் காலரைப் பிடித்துத் தூக்குகிறது. சமையல்காரர் நாகலிங்கம். ஆரியசாலைக்காரர்.

முதலில் ஒரு 'தொம்'. பிறகு இரும்பு கிழியும் சத்தம். நீளமாக. அது டார்பிடோ என்று தண்ணீரில் விழுந்த பிறகுதான் புரிந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம், யுத்த காலம். வெயில் தாழும் நேரம். கடற்படையின் சின்ன ரோந்துக் கப்பல் அது. நான் பாறசாலை தேவசகாயம். அதில் கரி அள்ளிப் போட்டவன்.

கப்பல் போய்விட்டது. கடல் மேலே எண்ணெயும் கரித்தூளும். தெப்பத்தில் பதினொரு பேர். எல்லா முகமும் ஒரே கறுப்பு. நடுவில் கால் ஒடிந்து கிடந்த எங்கள் வெள்ளைக்காரக் கேப்டனும் கறுப்பு.

எதிரியின் நீர்மூழ்கி மேலே வருகிறது. துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்புகிறது. உடைந்த இங்கிலீஷில் ஒருவன் கத்துகிறான்: "கேப்டன் எவன்? காட்டுங்கள்!"

அந்தக் கேப்டன் ஒருநாளும் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாகலிங்கம் வடித்த சோற்றைக் கடலில் கொட்டியிருக்கிறார். இருந்தும் ஒரு விரல் அவர் பக்கம் நீளவில்லை. கப்பலை மூழ்கடித்தவனிடம் எங்கள் ஆளைக் கொடுப்பதா?

நாகலிங்கம் முட்டி போட்டு நிமிர்ந்தார். தமிழில்தான் கத்தினார்.

"கேப்டன் செத்தாச்சு! கடலுக்குள்ள போய்த் தேடுடா!"

சுட்டார்கள். முதலில் தலைக்கு மேலே. அடுத்தது தாழ. நாகலிங்கம் என் மடியில் சாய்ந்தார். அப்புறம் பேசவில்லை. நீர்மூழ்கி போய்விட்டது. அவர் உடலைக் கடலில்தான் விட்டோம்.

மறுநாள் வலியதுறை மீனவர்கள் எங்களைக் கட்டுமரங்களில் ஏற்றினார்கள். கேப்டன் பிழைத்தார்.

கடற்படை முகாமில் ஓர் அதிகாரி சொன்னார், கப்பல் மூழ்கியது யுத்த ரகசியம், அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. விட்டால் ஜெயில். வீடுகளுக்குப் போன தந்தியில் 'காணவில்லை' என்று மட்டும் இருந்தது.

லீவு கிடைத்ததும் நேராக ஆரியசாலை போனேன். மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. நாகலிங்கத்தின் மனைவி பகவதி தினமும் வலியதுறைக் கடல்பாலத்துக்குப் போய் அவருக்காகக் காத்து நின்றுவிட்டு வருகிறாளாம். கதவைச் சாத்தப் போனேன்.

"திறந்தே கெடக்கட்டும் அண்ணாச்சி."

நடந்ததை மெல்லிய குரலில் சொன்னேன். கண்ணைத் துடைக்காமல் கேட்டாள்.

"அவரு சத்தமாத்தானே சொன்னாரு? நீங்களும் சத்தமாச் சொல்லுங்க. தெரு கேக்கட்டும்."

தெருவில் இறங்கினேன். தொண்டை கிழியச் சொன்னேன். மிளகாய் மூட்டை சுமந்தவர்கள் நின்றார்கள். ஒரு போலீஸ்காரனும் நின்றான். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே முழுவதும் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றினான்.

இன்றும் சொல்கிறேன். அறுபத்திரண்டு பேர் ஏறினோம். பத்துப் பேர் கரை சேர்ந்தோம். ஒரு கப்பல் போயிற்று. ஐம்பத்திரண்டு பேர் போனார்கள். யாரும் காணாமல் போகவில்லை. கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் நாகலிங்கம்.