ஜாஸ்தி

ஆம்பூரில் ஷூ கம்பெனி விட்ட சாயங்காலம். வேலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் கம்பெனி அட்டையோடு. மூத்தவருக்குக் குரலைத் தணித்துப் பேசத் தெரியவில்லை.

"உன் வூட்டுக்காரரு ஜாஸ்தி வாசிக்கிறாருன்னு பேண்டு செட்ல நிறுத்திட்டாங்களாமே?"

"ஜாஸ்தி இல்லக்கா, ஜாஸ். அது ஒரு மியூசிக்கு. கிளாரினெட்ல அதான் வாசிப்பாரு. சர்ச் புள்ளைங்களுக்கும் அதான் சொல்லித் தர்றாரு. சொந்தமா பாட்டும் போட்றாரு."

"அப்படின்னா இன்னா?"

"இருக்கற பாட்ட வாசிச்சிக்கினே வந்து, நடுவுல அதுல இல்லாதத மனசுக்குத் தோணுன மாதிரி வாசிப்பாரு. அப்புறம் திரும்பி பாட்டுக்கே வந்துடுவாரு."

"அப்ப ஜாஸ்திதான?"

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சாவு அடக்கத்துல போயி இதெல்லாம் எதுக்குன்னு செட்டுக்காரரு கத்தறாரு. இனிமே அளவா வாசிக்கறேன்னு சொன்னாதான் சேத்துப்பாராம்."

கண்டக்டர் "பள்ளிகொண்டா" என்றார். மூத்தவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு அடக்கத்துக்கும் உன் வூட்டுக்காரருதான் வாசிச்சாரு. பாட்டு முடியற வரைக்கும் எனக்கு அழுகையே வர்ல. ஜனமெல்லாம் என்னை ஒரு மாதிரி பாக்குது. அதுக்கு மேல ஜாஸ்தியா வாசிச்சாரு பாரு, அப்பதான் வந்துச்சி."

பஸ் நின்றது.

"கம்மி பண்ண வேணாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.