கஜபதி சாருக்கு ஒரு மெமோ

— "ஒழுங்கீனம்"னு மொட்டையா எழுதினா நிக்காது மேடம். என்னிக்கு, எந்த வகுப்புல, யார் முன்னாடி, என்ன செஞ்சார்னு வரணும். இல்லேன்னா அந்த ஆள் கோர்ட்டுக்குப் போனா முதல் வாய்தாவுலேயே கிழிச்சிடுவாங்க.

— அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன் கஜபதி சார். நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்.

— அதாவது, முதல்ல பேர் வரணும். யாருக்கு மேடம் இந்த மெமோ? ஹிந்தி டீச்சருக்கா?

— இல்லை. உங்களுக்கு.

— சரி. அப்ப மேல "திரு"ன்னு போட்டுக்குங்க. இனிஷியல் வி.

— கோபப்படாதீங்க சார்.

— கோபம் இல்லை மேடம். பேருக்குப் பின்னாடி பி.எல்.லும் போடணும். பட்டம் விட்டுப்போனா, அது நான் இல்லை, வேற ஆளுன்னு சொல்லித் தப்பிச்சுக்குவான்.

— யாரு?

— நான்தான்.

— எனக்கு இது தேவையா, நீங்களே சொல்லுங்க. இந்த மேனாம்பேட்டுல பள்ளிக்கூடத்தை ஆரம்பிச்சு வெச்சுட்டு எங்க வீட்டுக்காரர் அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டார். தாட்சாயிணிதான் தாளாளர்னு என்னைப் பிடிச்சு நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்க. டிராயிங் மாஸ்டர்கிட்ட "நாளையிலேர்ந்து வராதீங்க"ன்னு வாய்வார்த்தையா சொன்னேன். அந்த மனுஷன் கேஸ் போட்டு ஜெயிச்சு, இப்ப தினம் கேட்டாண்ட நின்னு எனக்கு குட்மார்னிங் சொல்றார். அதுக்கப்புறம்தானே உங்களை எடுத்தேன். சோஷியலும் நடத்துவார், மெமோவும் எழுதுவார்னு.

— எழுதியிருக்கேன் மேடம். நான் எழுதினது எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லை.

— அதான் பயமா இருக்கு. உங்களுக்கு நான் எழுதினா அது திரும்பி வந்துடும். வெளியில ஒரு வக்கீல்கிட்ட போனா அம்பத்தூர் பூரா தெரிஞ்சிடும்.

— நியாயம்தான். குற்றச்சாட்டு என்ன மேடம்?

— ஒன்பதாம் வகுப்பு. பி.டி. மாஸ்டர் வீரராகவன் பிள்ளைங்களை மைதானத்துல முட்டி போடச் சொல்லியிருக்கார். ஒண்ணுகூடப் போடலை. "எங்க மேல என்ன புகார் சார், யார் குடுத்தது, எங்க தரப்பைக் கேக்காம தண்டனை குடுத்தா செல்லாதே"ன்னு நின்னிருக்குங்க. எல்லாம் நீங்க வகுப்புல சொல்லிக் குடுத்ததாம். அவர் விசிலைக் கழட்டி என் மேஜை மேல வெச்சுட்டு லீவுல போயிட்டார். அதோ இருக்கு பாருங்க.

— விசிலைப் பத்திரமா வெச்சுக்குங்க. அது சான்று. இதை உங்ககிட்ட யார் சொன்னது?

— பஞ்சவர்ணம். நம்ம ஆயா. அவளாவே வந்து சொன்னா.

— பஞ்சவர்ணமா?

— ஏன் சார்?

— ஒண்ணுமில்லை. காலையில டீ கொண்டுவந்து குடுத்தா. சர்க்கரை போதுமான்னு கேட்டா. எழுதிக்குங்க. "பள்ளி ஆயா அளித்த தகவலின்படி..." 

— "...குற்றவாளி கஜபதி..."

— குற்றவாளின்னு போடாதீங்க மேடம். குற்றம் சாட்டப்பட்டவர். இன்னும் நிரூபணம் ஆகலை.

— ஆகாதுன்னு சொல்றீங்களா?

— அதை நான் இப்பவே சொல்லக் கூடாது.

— சார், மனசு கேக்கலை. இந்த வேலை போனா நீங்க திரும்பக் கோர்ட்டுக்குத்தானே போவீங்க? படிப்பு இருக்கு. கறுப்புக் கோட்டு இருக்கு.

— கோட்டு உங்க அலமாரியில இருக்கு மேடம். ஆண்டு விழா நாடகத்துல ஜட்ஜ் வேஷத்துக்குன்னு நான் குடுத்துட்டேன். பூந்தமல்லி கோர்ட்டுல நான் இருந்த வரைக்கும் மத்தவங்க கேஸுக்கு எழுந்து நின்னு வாய்தா கேட்டதுதான் மிச்சம். பொண்ணு பார்க்கப் போன இடத்துல, "வாத்தியார்னா குடுக்கறேன், வக்கீல்னா யோசிக்கணும்"னார் மாமனார். எண்பத்தாறுல பார் கவுன்சிலுக்கு எழுதிக் குடுத்துத் தொழிலை நிறுத்தி வெச்சேன். சம்பளத்துக்கு முழுநேர வேலை பாக்கறவன் கோர்ட்டுல வாதாடக் கூடாதுன்னு விதி.

— தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு ரெண்டு கூடவா கூடாது?

— ஒருத்தருக்கும் கூடாது. ஆடி மாசம் இதே பஞ்சவர்ணம் வந்து நின்னா. அவ பொண்ணு அங்கம்மாவைப் புருஷன்காரன் ஆவடி குவார்ட்டர்ஸ்லேர்ந்து விரட்டிட்டு வேற ஒருத்தியோட இருக்கான். ஜீவனாம்ச கேஸ் போட்டிருக்காங்க. அந்த வக்கீல் ஒரு வாய்தாவுக்கு வந்தா ரெண்டு வாய்தாவுக்கு வர்றதில்லையாம். "நீ வந்து பேசு சார்"னா. விதி இடம் குடுக்காதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— அப்ப அந்த ஆத்திரம். அதான் உங்களைப் போட்டுக் குடுத்திருக்கா.

— இருக்கலாம். சாட்சிக்கு முன்விரோதம். அதை நான் குறுக்கு விசாரணையில கேக்கணும்.

— நீங்க வருத்தப்படற மாதிரியே தெரியலையே சார்.

— வருத்தம் இருக்கு மேடம். கோர்ட்டுல நான் எழுந்து நின்னா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஒன்பதாம் வகுப்புல நான் உள்ளே நுழைஞ்சா அத்தனை பேரும் எழுந்து நிக்கறாங்க. அது போயிடும்னுதான் இருக்கு. சரி, அடுத்தது. விளக்கம் குடுக்க அவகாசம் தரணும்.

— திங்கட்கிழமை கமிட்டி கூடுது சார். அதுக்குள்ள முடிக்கணும்.

— அப்ப அவகாசம் வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்துடறேன். அது செல்லும். அப்புறம் விசாரணை அதிகாரி ஒருத்தர்.

— இதுக்கு முன்னால எல்லாம் யார் இருந்தாங்க?

— நான்.

— அப்ப நீங்களே இருந்துடுங்களேன்.

— தன் வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது மேடம். நீங்க இருங்க.

— நான் என்ன கேக்கறது?

— எழுதித் தர்றேன். சாட்சியைக் கூப்பிடுங்க.

— பஞ்சவர்ணம். ஏ பஞ்சவர்ணம்.

— தோ வந்துட்டேம்மா.

— அந்த வாளியை வெளியில வெச்சுட்டு வா. 

— வெச்சிட்டேன். இன்னா சார், மூஞ்சி சுண்டிக் கீது? டீ வோணுமா?

— சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும். உன் பேர்?

— என் பேரு தெரியாதா உனுக்கு?

— பதிவுக்காக.

— பஞ்சவர்ணம்.

— மேடம், நீங்க கேக்க வேண்டியது அந்தத் தாள்ல முதல் வரி.

— "நடந்ததை நீ நேரில் கண்டாயா?"

— கண்டேம்மா. மைதானத்தாண்ட பெருக்கிக்கினு இருந்தேன். 

— இப்ப குறுக்கு விசாரணை. நான் கேக்கறேன். பஞ்சவர்ணம், பிள்ளைங்க பி.டி. மாஸ்டரை மரியாதை இல்லாமப் பேசினாங்களா?

— இல்ல சார். ரொம்ப மருவாதையாத்தான் கேட்டுதுங்கோ. அதான் அவரு ஆடிப்பூட்டாரு.

— எழுதிக்குங்க மேடம். அது எனக்குச் சாதகம். சரி, அப்படிக் கேக்கச் சொல்லி நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— நீ பாடம் நடத்தசொல்ல ஜன்னலாண்ட நின்னு தெனமும் கேட்டுகினுதானே கீறேன். தண்டனைக்கு மின்ன ரெண்டு பக்கமும் கேக்கணும், கேக்காம குட்தா செல்லாது, எம்மாம் பெரிய ஆளா இருந்தாலும் பயப்படாம கேளுன்னு போர்டுல எழுதிப் போட்டியே சார்.

— கஜபதி சார், இந்தக் கேள்வியை நீங்க கேட்டிருக்கக் கூடாது.

— தெரியும் மேடம். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில கேக்காதடான்னு என் சீனியர் சொல்லிக்கிட்டே இருப்பார். 

— நான் இதை எழுதலை. கேக்கலைன்னு வெச்சுக்கலாம்.

— எழுதணும் மேடம். சாட்சி சொன்னதை விட்டா விசாரணையே செல்லாது.

— உங்களுக்கு எதிராத்தானே சார் இருக்கு?

— இருக்கட்டும். பஞ்சவர்ணம், கடைசிக் கேள்வி. உன் பொண்ணு கேஸை நான் எடுக்கலேன்னு என் மேல ஆத்திரம் உண்டா உனக்கு?

— எனுக்கு இன்னாத்துக்கு சார் ஆத்திரம்? நீ ரூல்ஸ் சொன்ன. நான் கேட்டுகினேன்.

— அவ்வளவுதான் மேடம். முன்விரோதம் நிரூபணம் ஆகலை.

— சார், நான் பேனாவைக் கீழ வைக்கறேன். எனக்கு ஒண்ணு தோணுது. பிள்ளைங்க மரியாதையாத்தான் கேட்டிருக்கு. நீங்களும் பாடத்துல இருக்கறதைத்தான் சொல்லியிருக்கீங்க. எனக்கு இது பெரிய குத்தமாத் தெரியலை. வீரராகவன்கிட்ட நான் பேசி விசிலைக் குடுத்துடறேன். ஒரு எச்சரிக்கையோட விட்டுட்டா என்ன?

— விடலாம் மேடம். விதியில இடம் இருக்கு.

— வேலையும் இருக்கும்?

— இருக்கும்.

— அப்ப இந்தாங்க பேனா, அதையே எழுதுங்க. "இனி இவ்வாறு நடவாமல் இருக்க..."

— யம்மா. அந்தக் கக்கூஸ் கேஸ வுட்டுட்டியே.

— எந்தக் கக்கூஸ் கேஸ்?

— பஞ்சவர்ணம், அது இந்தக் குற்றச்சாட்டுல வராது.

— போன வெள்ளிக்கெயம ஒம்பதாங் கிளாஸ்ல கோர்ட்டு நடந்துச்சும்மா. உன் மேல.

— என் மேலயா?

— பொம்பளப் புள்ளிங்க கக்கூஸ மணி அடிச்சதும் பூட்டிட்டு சாவிய நீ ட்ராயர்ல வெச்சிக்கிற இல்ல, அதுக்கு.

— கஜபதி சார்?

— அதாவது, பயிற்சி மேடம். மாதிரி நீதிமன்றம். உதாரணத்துக்கு ஒரு பிரச்சினை எடுத்துக்கங்கன்னு சொன்னேன். பிள்ளைங்களா எடுத்தது அது.

— யார் ஜட்ஜு?

— கஸ்தூரி. மூணாவது பெஞ்சு. கொஞ்சம் தூங்குவா, ஆனா பாரபட்சம் கிடையாது.

— சாரு கோட்டத்தாம்மா மாட்டிகினு உக்காந்துச்சு. முட்டி வரிக்கும் தொங்கிச்சு.

— என் பக்கம் யார் பேசினா?

— யாரும் முன்வரலை மேடம். வக்கீல் இல்லாம ஒருத்தர் மேல வழக்கு நடத்தறது தப்பு. அதனால உங்களுக்காக நானே ஆஜரானேன்.

— என்ன சொன்னீங்க?

— கிணத்துல தண்ணி இல்லை, பூட்டாம தாளாளர் என்ன செய்வாங்கன்னு கேட்டேன். அப்ப டீச்சர்ஸ் கக்கூஸுக்கு மட்டும் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு எதிர்த்தரப்புல கேட்டுட்டாங்க.

— அப்புறம்?

— தோத்துட்டோம் மேடம்.

— தோத்துட்டோமா?

— மேல்முறையீட்டுக்கு இடம் இருக்குன்னு கஸ்தூரி சொல்லியிருக்கா.

— தீர்ப்பு படிச்சதும் கிளாஸ் முச்சூடும் கை தட்டிச்சும்மா. சாரும் தட்டுனாரு.

— நீங்களும் தட்டினீங்களா சார்?

— கஸ்தூரி தீர்ப்பை நல்லா எழுதியிருந்தா மேடம்.

— கமிட்டியில யாராவது கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்கார்றது? அந்த எச்சரிக்கையைக் கிழிச்சுப் போடுங்க. உத்தரவு எழுதுங்க சார்.

— எழுதறேன். "நீக்கம்"னு போடவா, "விடுவிப்பு"ன்னு போடவா?

— ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

— நீக்கம்னா இன்னொரு பள்ளிக்கூடத்துல படி ஏற முடியாது. விடுவிப்புன்னா முடியும்.

— எதைப் போடணும், நீங்களே சொல்லுங்க.

— வக்கீலா சொன்னா, நீங்க நீக்கலாம். சாட்சி அசையலை.

— நான் வக்கீலைக் கேக்கலை.

— அப்ப விடுவிப்புன்னு போட்டா உதவியா இருக்கும் மேடம்.

— அதையே போடுங்க.

— போட்டாச்சு. இங்க உங்க கையெழுத்து. கீழ முத்திரை. பெற்றுக்கொண்டேன்னு நான் போட்டுட்டேன். சாட்சி இங்க போடணும். மை டப்பா எடு பஞ்சவர்ணம்.

— மை இன்னாத்துக்கு? கையெய்த்துப் போடுவேன் சார். நீதானே கத்துக் குட்த.

— ஆமாம். மறந்துட்டேன்.

— சார், இதுல ஓட்டை ஒண்ணும் இல்லையே? திரும்பி வந்துடாதே?

— வராது மேடம். நான் எழுதினது.

— ஹிந்தி டீச்சருக்கு ஒண்ணு பாக்கி இருக்கே.

— நான் இப்ப வெளியாள் மேடம்.

— எனக்கு இது தேவையா... சரி, தொழிற்பேட்டைச் சங்கு ஊதிடுச்சு, நான் போய் மணி அடிக்கச் சொல்றேன். பஞ்சவர்ணம், ட்ராயர்ல கக்கூஸ் சாவி இருக்கு. எடுத்துத் திறந்து விடு. திரும்ப என்கிட்ட கொண்டுவராதே.

— மேல்முறையீடு செய்யலையா மேடம்?

— எனக்கு யார் இருக்காங்க சார் வாதாட?

— ...போயிட்டாங்களா பஞ்சவர்ணம்?

— பூட்டாங்க சார்.

— ஒண்ணு கேக்கறேன். இது பதிவுக்கு இல்லை. எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. எழுதவும் ஆரம்பிச்சாச்சு. அப்ப ஏன் அந்தக் கக்கூஸ் கேஸை எடுத்தே?

— எடுக்கலன்னா நீ இங்கியே இருந்துருப்ப சார்.

— இருந்திருப்பேன். அதுக்குத்தானே இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்.

— நிறுத்தி வெச்சத திருப்பி வாங்க எத்தினி நாளு ஆவும்?

— எதை?

— வக்கீல் வேலைய.

— எழுதிக் குடுத்தா ஒரு மாசம் ஆகும். அது எதுக்கு உனக்கு? அலமாரியைத் திற. அந்தக் கோட்டையாவது எடுத்துக்கிட்டுப் போறேன்.

— கோட்டு அதுல இல்ல சார். நேத்தே ஊட்டுக்கு எடுத்தும்பூட்டேன். தோச்சி, கியிஞ்ச பாக்கெட்ட அங்கம்மா தச்சி, இஸ்திரி போட்டு வெச்சிகீது. அடுத்த வாய்தா ஐப்பசில.