ஆரஞ்சுச் செயலியில் பத்தொன்பது நிமிடம்

கார் இன்சூரன்ஸ் எடுக்கிறவர்கள் எல்லாரும் முதலில் விலையைத்தான் பார்க்கிறார்கள், மகளே. நான் பார்ப்பது, கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வந்து நிற்கிறார்கள் என்பதை.

இன்ஸ்பெக்டர் வயுவா, நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால் உனக்கும் எழுத வசதி. தேநீர் ஆறிவிடும், குடித்துக்கொண்டே எழுது.

நம் வோட்டே ஊரில் எங்கள் பெண்கள் குழுவில் பன்னிரண்டு பேர், ஐந்து கார்கள். பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் படிவங்களோடு வாழ்ந்தவள் என்பதால், எந்தக் கம்பெனி நல்லது என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. யார் கார் எங்கே இடித்தாலும் கூடவே போய் நேரம் குறித்துக்கொள்வேன். பச்சைக் கம்பெனியில் போனை எடுத்து ஒரு மனிதர் பேசுவார். ஐம்பது நிமிடத்தில் ஆள் வரும். இடித்த காரைப் படம் எடுத்து ஏற்றினால் நீலக் கம்பெனியின் செயலி நாலாவது படத்தோடு நடுரோட்டுக் கழுதை மாதிரி நின்றுவிடும். ஆரஞ்சில் எழுத்துகள் பெரிது, வரைபடத்தில் சின்னதாக ஒரு பைக் நம்மை நோக்கி நகரும். ஒரே ஒரு விதி: கம்பெனி அதிகாரி வந்து பார்க்கும்வரை காரை இடம் மாற்றக் கூடாது, காரை விட்டுப் போகவும் கூடாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. குழுவுக்கும் என் மகளுக்கும் ஆரஞ்சையே தேர்ந்தெடுத்தேன்.

என் மகள் மும்புவா. அரசு மருத்துவமனையில் நர்ஸ். போன வருடம் நவம்பரில், வறண்டு கிடந்த மணலாற்றுத் தரைப்பாலத்தின் நடுவில் கல்லில் ஏறி அவள் காரின் அச்சு உடைந்தது. செயலியில் பதிந்தாள். 'அதிகாரி வந்துகொண்டிருக்கிறார்' என்று வந்தது. அதிகாரி முசெம்பி கிளம்பிவிட்டதாகப் பொத்தானை அழுத்திவிட்டுச் சந்தையில் ஆட்டுக்கறி சுடும் கடையில் உட்கார்ந்திருந்தான். கடைக்காரி பிறகு சொன்னாள், விலா எலும்பாகக் கேட்டு வாங்கினானாம். இரண்டு மணி நேரம். ஆற்றுக்கு மேலே வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மழை ம்பூனி மலையில். நீ இந்த ஊர்ப் பெண், நம் ஆறு எப்படி வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காரை இரண்டு வளைவு தள்ளிக் கண்டெடுத்தார்கள். கம்பெனி எழுதிய கடிதத்தில் இரண்டு காரணங்கள் இருந்தன. வெள்ளத்துக்குக் காப்பீடு இல்லை. மேலும், வாகனம் அதிகாரி பார்க்கும் முன்பே இடம் மாற்றப்பட்டிருக்கிறது.

முசெம்பி துக்க வீட்டுக்கு வந்தான். சோளமும் பீன்ஸும் கலந்து நான் சமைத்ததை இரண்டு தட்டு சாப்பிட்டான்.

"நான் கெளம்பிட்டுத்தான் இருந்தேன், மும்புவாம்மா. ஆப்ல பாத்திருப்பீங்களே, பைக்கு காட்டுச்சே?"

"பாத்தேன் தம்பி. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

நான் கம்பெனியை மாற்றவில்லை. எங்கள் குழுவில் கனினி என்று ஒருத்தி, அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னக்கா, பொண்ண முழுங்குன கம்பெனியவே கட்டிக்கிட்டு அழுவுற? சூடு சொரணை இல்லையா ஒனக்கு?"

"ஆபீசர் பழகிட்டாருடி," என்றேன்.

பழக்கினேன் என்பதுதான் சரி. இந்த ஒரு வருடத்தில் என் பழைய காருக்கு ஆறு தடவை கிளெய்ம் போட்டேன். ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி, அப்படிச் சின்னச் சின்னதாக. முதல் தடவை எழுபது நிமிடத்தில் வந்தான். வரும்போதெல்லாம் பிளாஸ்கில் இஞ்சித் தேநீரும் சப்பாத்தியும் வைத்திருந்தேன். ஆறாவது தடவை இருபத்தைந்து நிமிடம். பசி நல்ல கடிகாரம், மகளே.

ஆற்றுக்கும் நேரம் குறித்தேன். ம்பூனியில் மாவு மில் வைத்திருக்கும் கதுங்கே எனக்குப் பழைய சிநேகிதி. தண்ணீர் மில்லைத் தாண்டியதும் போன் செய்யச் சொல்லியிருந்தேன். அங்கிருந்து தரைப்பாலத்துக்கு வர நாற்பத்தெட்டிலிருந்து ஐம்பத்து மூன்று நிமிடம். நாலு தடவை பார்த்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளைக் கூப்பிட்டு மிரட்டாதே.

வியாழக்கிழமை பன்னிரண்டு இருபதுக்குக் கூப்பிட்டாள். "அக்கா, ஆறு செவசெவன்னு வருது. ஆட்டையெல்லாம் மேட்டுல ஏத்திட்டோம். நீ அந்தப் பக்கம் போயிராத."

போனேன். தரைப்பாலத்தின் நடுவில் ஒரு சக்கரத்தை விளிம்புக்கு வெளியே இறக்கி நிறுத்திவிட்டுப் பதிந்தேன்.

பத்தொன்பது நிமிடத்தில் வந்தான். நான் பார்த்த மூன்று கம்பெனிகளிலும் அதுதான் மிகக் குறைந்த நேரம். நியாயமாக அதையும் சொல்ல வேண்டும்.

பைக்கைக் கரையில் நிறுத்திவிட்டுக் காரைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"இந்த எடமே எனக்கு ஒரு மாதிரி இருக்கு, மும்புவாம்மா. மேல தள்ளிட்டுப் போட்டோ எடுத்துக்கலாமா?"

"எடத்த மாத்துனா கிளெய்ம் நிக்காதுன்னு நீங்கதான தம்பி எழுதுனீங்க?"

அவன் சிரித்துவிட்டான். "பள்ளிக்கூடத்து அம்மாகிட்ட வாயக் குடுத்தா இப்பிடித்தான்."

பன்னிரண்டு படங்கள் எடுக்க வேண்டும். அந்த இடத்திலிருந்தே எடுக்காவிட்டால் செயலி ஏற்றுக்கொள்ளாது. நான் கரைக்குப் போய் வேல மரத்தடியில் பிளாஸ்கோடு உட்கார்ந்தேன். ஒன்பதாவது படத்தில் செயலி நின்றுவிட்டது. "சனியன்," என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். அந்தக் கோளாறை நான் ஏற்பாடு செய்யவில்லை.

பிறகு அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன சத்தம் அது?"

"மேல் ரோட்டுல லாரி போகுது. நீ முடிச்சிட்டு வா தம்பி, சப்பாத்தி ஆறுது."

பெற்ற தாய் மாதிரி ஒருத்தி சொன்னால் யாரும் நம்புவார்கள். அச்சைப் படம் எடுக்கக் குனிந்தான்.

கொஞ்ச நேரத்தில் போன் ஒலித்தது. சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று செயலி கேட்டது. ஐந்தும் கொடுத்தேன். கரையில் அவன் பைக் நனையாமல் நின்றது.

அவன் மனைவி நல்ல பெண். திங்கட்கிழமை மாவும் சர்க்கரையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இளையது இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டியது, தூக்கி வைத்துக்கொண்டேன்.

மும்புவாவின் போன் கணக்குத் தாளில் நீ கோடு போட்டு வைத்திருக்கும் எண் என்னுடையதுதான். ஒளிக்க ஒன்றுமில்லை. போன வருடம் அன்றைக்கு மும்புவா கம்பெனிக்கு ஒரு தடவை பேசினாள், எனக்கு மூன்று தடவை. முதல் தடவை, கார் நின்றுவிட்டது என்றாள். இரண்டாவது தடவை, பசிக்கிறது என்றாள். மூன்றாவது தடவை, "அம்மா, மேல என்னமோ சத்தம் கேக்குது, எறங்கிக் கரைக்கு வந்துரட்டுமா?" என்று கேட்டாள்.

"லாரியா இருக்கும் கண்ணு," என்றேன். "எறங்கிராத. விதிய நான் நல்லாப் படிச்சிருக்கேன். கிளெய்ம் நிக்காது."

அவள் எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கிறவள்.

ஆனால் அவளைக் கொன்றது முசெம்பி. அதை மட்டும் பிழையில்லாமல் எழுதிக்கொள், மகளே.