கிருத்திகாவுல ரெண்டு ஐ

இல்ல தம்பி, போன உள்ள வைக்காதீங்க. சண்டைக்கு வரல. அந்த வீடியோவ இன்னொரு தடவ போடுங்கன்னுதான் கேட்டேன். சிரிச்சீங்கல்ல, எதுக்குச் சிரிச்சீங்கன்னு பாக்கணும். தமிழ்தானே நீங்க? நல்லதாப் போச்சு. மெட்ரோ பீன்யா ஸ்டேஷன் வர்ற வரைக்கும் பேசலாம்.

மேல எழுதியிருக்கறதப் படிங்க. வெள்ளைக்காரிக்கு நடுவிரல் காட்டிய பெங்களூர்ப் பொண்ணு. எத்தன பேரு பாத்திருக்காங்க? நாலு லட்சமா? நேத்து மூணுதான் இருந்துச்சு.

அது என் பொண்ணு. பேரு கிருத்திகா.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. சாரி எல்லாம் வேணாம். கேளுங்க, அது போதும்.

வீடியோவுல வர்ற அந்தக் கண்ணாடித் திரைய நேர்ல பாத்திருக்கீங்களா? இல்லையா. மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்துல வெச்சிருக்காங்க. டிராக்டர் டயர் மாதிரி வட்டமா, ஆளு ஒசரத்துக்கு மேல இருக்கும். நாம முன்னாடி போயி நின்னா ஸ்காட்லாண்டுல கிளாஸ்கோன்னு ஒரு ஊரு, அங்க ரோட்டுல போறவங்களுக்குத் தெரிவோம். அவங்க நமக்குத் தெரிவாங்க. சத்தம் மட்டும் வராது. இது கலையாம். ரெண்டு ஊரச் சேத்து வைக்குதாம்.

சேத்து வெச்சதுக்கு நம்ம ஜனங்க என்னா பண்ணாங்க தெரியுமா? மொத வாரம் பூரா டான்சு. ஒருத்தரு மசால்தோச வாங்கிட்டு வந்து அவங்களுக்குக் காட்டிக் காட்டிச் சாப்புட்டாரு. அங்கருந்து ஒருத்தன் பாட்டிலத் தூக்கிக் காட்டுனான். இங்க ஒருத்தன் பேண்ட்டையே எறக்குனான் தம்பி, சாயங்காலம் அஞ்சரைக்கு, கொழந்தைங்க நிக்கற எடத்துல. அவன எவனாவது கேட்டானா? சிரிச்சாங்க. செக்யூரிட்டியும் கூடச் சேந்து சிரிச்சான்.

சத்தம் வராததால ரெண்டு நிமிஷத்துல எல்லாருக்கும் போரடிச்சிடும். கைய ஆட்டுவாங்க, செல்ஃபி எடுப்பாங்க, போயிடுவாங்க. என் பொண்ணு போவ மாட்டா. அவளுக்குப் பொறந்ததுலருந்தே காது கேக்காது, பேச்சும் வராது. அந்த மார்க்கெட் பக்கத்துலயே ஒரு ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி பண்றா. ஒரு நாள் வேல முடிஞ்சு நின்னு வேடிக்க பாத்திருக்கா. அந்தப் பக்கம் மஞ்ச மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், யார்கூடவோ கையாலயே பேசிட்டிருந்திருக்காங்க. அவங்களுக்கும் காது கேக்காது. அவ்ளோதான், ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. அதுலருந்து தெனம் ஆறு மணிக்கு இவ இங்க, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அந்தம்மா அங்க. ரெண்டு ஊர்லயும் சேத்து அந்தக் கண்ணாடியில ஒழுங்கா பேசுனது அவங்க ரெண்டு பேருதான்.

வீட்டுக்கு வந்தா அம்மாக்காரிகிட்ட எல்லாத்தையும் சொல்லுவா. என் சம்சாரம் ஷோபா, ஸ்கூல்ல பொண்ணு பக்கத்துலயே உக்காந்து கை பாஷை கத்துக்கிட்டா. எனக்கா? வா, போ, சாப்புடு. அஷ்டே. இருபத்திரெண்டு வருசத்துல நான் கத்துக்கிட்டது அவ்ளோதான்.

இப்ப நிறுத்துங்க. ஆங், இங்கதான். வலது கை விரலு எதத் தொடுது? இடது கை நடுவிரல. அவங்க பாஷையில இங்கிலீஷ் எழுத்து எழுதணும்னா ரெண்டு கையும் வேணும் தம்பி. கட்டவிரலத் தொட்டா ஏ. அடுத்த விரலத் தொட்டா ஈ. நடுவிரலத் தொட்டா ஐ. அந்த ஊர்லயும் இதே மாதிரிதானாம். கிருத்திகான்னு இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, ஐ எத்தன தடவ வருது? ரெண்டு. அந்தம்மா பேரு கேட்டிருக்காங்க, இவ பேரு சொல்லிருக்கா. புரியலன்னதும் நிறுத்தி நிறுத்தி, விரல நல்லாத் தூக்கிச் சொல்லிருக்கா. எவனோ ஒரு பரதேசி அத மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுட்டான். பாட்டு வேற.

அன்னிக்கு அங்கயே கூட்டம் கூடிப் போச்சு. ஃபாரின்காரன் முன்னாடி நம்ம ஊரு மானம் போச்சுங்கறான் ஒருத்தன். யார மகளு இவளுன்னு ஒரு பொம்பள கன்னடத்துல கத்துது. பேண்ட்ட எறக்குனப்போ போவாத மானம், என் பொண்ணு பேரச் சொன்னப்போ போயிடுச்சு. அவளுக்கு ஒண்ணும் புரியல. எல்லார் வாயும் தொறந்து தொறந்து மூடுது, அத மட்டும் பாத்துக்கிட்டு நிக்கறா. விளக்கிச் சொல்லலாம்னு கையத் தூக்குனா, தோ மறுபடியும் காட்டறாங்கறாங்க.

அப்புறம் நாலு நாள் கண்ணாடிய அணைச்சு வெச்சாங்க. இப்ப கயிறு கட்டிருக்காங்க, போர்டு வெச்சிருக்காங்க. கையால சைகை செய்யக் கூடாது, கையசைக்கலாம். எந்த ஆபீசர் ரூம் போட்டு யோசிச்சானோ. போர்டக் கழட்டுடான்னு செக்யூரிட்டிகிட்ட சத்தம் போட்டேன். ரூல்ஸு அங்கிள்ங்கறான். வாயில்லாதவங்க வாயப் பொத்தறதுக்கு ஒரு ரூல்ஸு.

வீட்டுல அவ கைய அசைக்கறதே இல்ல. ஆறு நாளாச்சு. ஷோபா கேட்டா தலைய ஆட்டறா. நான் கேட்டா அதுவும் இல்ல. ரெண்டு கையையும் துப்பட்டாக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா.

இன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சு அந்தக் கண்ணாடிகிட்ட போயிட்டுத்தான் வர்றேன். நெனச்ச மாதிரியே அந்தம்மா வந்து நின்னாங்க, அதே கோட்டு. ஒரு அட்டையில அவ பேர எழுதித் தூக்கிப் புடிச்சிருக்காங்க. ஒரு எழுத்துத் தப்பில்ல. நான் கயித்தத் தாண்டிக் கிட்டப் போயி, கையத் தூக்குனேன். என்னப் பாத்தாங்க. பாத்ததும் அட்டைய எறக்கிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டாங்க.

நான் யாருன்னு தெரியாமயா போனாங்க? நல்லாத் தெரிஞ்சுதான் போனாங்க.

கடைசி மூணு செகண்ட ஓட்டுங்க. நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் பின்னாலருந்து வந்து, அவ ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சு இழுத்துட்டுப் போறான்ல? முதுகு மட்டும் தெரியும். செக்யூரிட்டி நல்ல வேலை பண்ணான்னு கீழ எழுதியிருக்காங்க. செக்யூரிட்டிக்கு காக்கி தம்பி. நீலம் எங்க ஃபேக்டரியில குடுக்கறது. அன்னிக்கு சேந்து வீட்டுக்குப் போலாம்னு வந்திருந்தேன். யார மகளுன்னு கேட்டாங்களா, எனக்கு ஒடம்பெல்லாம் கூசிடுச்சு. எந்த விரலு, எந்த எழுத்துன்னு எனக்கு என்னா தெரியும்.

இதே சட்டைதான். கொஞ்சம் கால எடுங்க தம்பி, நான் எறங்கணும்.