வெளுத்த பிலிம்

நிங்ரும்: அவ்வளவுதானா? இந்த பிலிமைத் தூக்கிப் போட்டுடவா?

வாஸ்கிதோ: யாரும்மா தூக்கிப் போடச் சொன்னது? சன்னல் பக்கமாப் புடிச்சுப் பாரு.

நிங்ரும்: ஒண்ணுமே இல்லையே, வாஸ்கிதோ ஐயா.

வாஸ்கிதோ: ஒண்ணுமே இல்லன்னா கண்ணாடி மாதிரி இருக்கும். இதுல பாலாடை மாதிரி படிஞ்சிருக்கு பாரு. படத்தை வெளுக்க மட்டும்தான் செஞ்சிருக்காங்க. அதுக்கப்புறம் ஹைப்போ மருந்துல போட்டிருந்தா ஒரேயடியாப் போயிருக்கும். போடல. டெவலப்பர்ல நனைச்சா திரும்ப வரும். எங்க கிடைச்சுது?

நிங்ரும்: எங்கப்பாவோட கிராம்பு சிகரெட் டப்பாக்குள்ள. ஹார்ஜோ… அவர் தவறி நேத்துதான் நாப்பதாம் நாள் சாப்பாடு.

வாஸ்கிதோ: ஹார்ஜோ பொண்ணா நீ?

நிங்ரும்: ரெண்டாவது. இது அக்கா படமா இருக்கும்னு… அம்மா சொல்றாங்க. கப்பல்காரனோட மக்காசருக்கு ஓடிப்போனாளே, அவ.

வாஸ்கிதோ: ம்… சரி. அந்தத் தட்டை இப்படித் தள்ளு.

நிங்ரும்: விளக்கை அணைக்க வேணாமா?

வாஸ்கிதோ: இதுக்கு வேணாம். தட்டை ஆட்டு. மெதுவா! காப்பியா ஆத்தறே?

நிங்ரும்: மெதுவாத்தானே… ஐயோ, கறுத்துக்கிட்டே வருது!

வாஸ்கிதோ: வரட்டும். நெகட்டிவ்ல மூஞ்சி கறுப்பு, முடி வெள்ளை. கிழவி மாதிரி இருக்கும், பயந்துடாத.

நிங்ரும்: ஜிமிக்கிகூடத் தெரியுது… இதை யாரு வெளுத்திருப்பாங்க?

வாஸ்கிதோ: எனக்கென்ன தெரியும்? ஊர்ல எத்தனையோ ஸ்டுடியோ.

நிங்ரும்: அப்ப இது ஒண்ணுதான் இருந்துச்சு. பெத்தவரே வந்து பொண்ணு மூஞ்சியை அழிக்கச் சொன்னார்னு தெருவே பேசிச்சாம். அது காதுல விழுந்ததுக்கப்புறம் அவ அப்பா வீட்டு வாசப்படியை மிதிக்கல. அவர் சாவுக்கும் வரல.

வாஸ்கிதோ: யாரு வரல? அக்காவா?

நிங்ரும்: …அக்கா இல்ல. நான்தான்.

வாஸ்கிதோ: நீ உள்ள நுழையும்போதே தெரியும், நிங்ரும். ஹார்ஜோவுக்கு ஒரே பொண்ணு.

நிங்ரும்: அப்ப நேராவே சொல்லுங்க. உங்க கையாலதானே அழிச்சீங்க?

வாஸ்கிதோ: என் கையாலதான். உன் சித்தப்பனுங்க ரெண்டு பேரும் அழிச்சே ஆகணும்னு இதே இடத்துல நின்னு பாத்தானுங்க. படம் மறைஞ்சதும் திருப்தியாக் கிளம்பிட்டானுங்க.

நிங்ரும்: அப்பா?

வாஸ்கிதோ: அவர் போகல. குரலைத் தாழ்த்தி, ‘திரும்ப வருமா?’ன்னார். ஹைப்போவுல போடலன்னா வரும்னேன்… ‘அப்ப போடாத’ன்னார்.